நாலாம் நம்பர் சட்டை

ஜெர்சி அச்சடிக்கும் கடையில் வேலை பார்த்தால், எந்த டீமில் யாரைச் சேர்த்தார்கள், யாரைக் கழற்றிவிட்டார்கள் என்பது சம்பந்தப்பட்ட ஆளுக்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது: கோட்டுச்சேரி நீலக்கொடி கபடிக் குழுவில் பதினாறு வருஷம் இடது கார்னரில் நின்ற செல்வம் அண்ணனை, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீக்கிவிட்டார்கள். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதுதான் அவர் செய்த குற்றம்.

நான் காலையில் எம்.காம். மாணவி. மத்தியானத்துக்கு மேல் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், காதர் பாய் கடையில் கம்ப்யூட்டரும் சூடு வைத்து எழுத்து ஒட்டும் மெஷினும் என் பொறுப்பு. கவுண்டருக்குப் பின்னால் நின்று பழகியவர்களே, உங்களுக்குத் தெரியும்: வாடிக்கையாளர் பேச்சைக் காதில் வாங்கலாம், பதில் பேசக் கூடாது. முதல் பாதியை நான் ஒழுங்காகச் செய்வேன்.

போனில் வந்த பட்டியல்

எங்கள் பக்கத்து ஊர் டீம்களில் ஒப்பந்தக் காகிதம் என்று ஒன்று கிடையாது. போட்டிக்குப் பத்து நாள் முன்னால் செயலாளர் எங்கள் கடைக்குப் பட்டியல் அனுப்புவார். எண், பேர், அளவு. சட்டையில் பேர் ஏறினால் ஆள் டீமில் இருக்கிறார், ஏறாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் சட்டம்.

நீலக்கொடி செயலாளர் குமரேசன் அனுப்பியதில் பதினொன்றாம் எண் காலி, நாலாம் எண்ணுக்கு நேரே யாரோ ஒரு தினேஷ். சீர்காழிப் பக்கத்துப் பையனாம். கை தவறி வந்திருக்கும் என்று போன் போட்டேன். "தவறெல்லாம் இல்லம்மா" என்றார். செல்வம் அண்ணன் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். இன்னும் இரண்டு வருஷம் டீமில் வைத்துக்கொள்ள வேண்டும், ஆட்டத்தில் அடிபட்டால் வைத்தியத்தை டீம் பார்க்க வேண்டும். இரண்டையும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் துறைமுகத்து ஐஸ் பிளான்டில் ஐஸ் பார், அதாவது பெரிய கட்டிகள், தூக்குகிறவர். முட்டி போனால் வேலையும் போகும். முப்பத்தெட்டு வயதில் கேட்காமல் எப்போது கேட்பது என்று நான் கேட்டேன். குமரேசன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

"ஊர்த் தேரை இழுக்குறவன் ஒப்பந்தம் போட்டுக்கிட்டா வடத்தைத் தொடுறான்? நீ பட்டியல்ல இருக்குறத அடிம்மா."

பெஞ்சில் நடந்த வழக்கு

கடை வாசலில் ஒரு பெஞ்ச் இருக்கிறது. சட்டைக்குக் காத்திருப்பவர்களுக்காகப் போட்டது. காத்திருக்க எதுவும் இல்லாதவர்கள்தான் உட்காருவார்கள். மறுநாள் மூன்று பேர். மீன் மார்க்கெட்டில் கூறு வைத்து விற்கும் அஞ்சலை அக்கா, நீலக்கொடி ஆட்டம் என்றால் முதல் வரிசையில் நிற்பவர். ஆட்டோ ஓட்டும் பாஸ்கர் அண்ணன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் லூயி ஐயா. எங்களுக்கெல்லாம் அவர் முசே, பிரெஞ்சில் ஐயா.

"ஆளு முன்ன மாதிரி இல்லக்கா" என்றார் பாஸ்கர். "போன வருஷம் பாடி வந்தவன் கணுக்காலைப் பிடிக்கக் குனிஞ்சாரு. இவரு குனிஞ்சு முடிக்கிறதுக்குள்ள அவன் கோட்டைத் தொட்டுட்டுத் தண்ணி குடிக்கப் போயிட்டான்."

"அதே வருஷம் பைனல்ல கடைசியா பாடி வந்தவனை ஒத்தையா மறிச்சது யாரு, உன் ஆட்டோவா?"

முசே தொண்டையைச் செருமினார். "பதினஞ்சு வருஷம் பட்டாளத்துல இருந்தேன். அவங்க கையெழுத்துப் போடாம நான் ஒருநாள் துப்பாக்கியத் தொட்டதில்ல."

"அது நாட்டுக்கு, முசே. இது ஊருக்கு" என்றார் பாஸ்கர். ஊருக்கு ஆடினால் எலும்பு உடையாதா என்று நான் உள்ளேயிருந்து கேட்டேன். காதர் பாய் என்னைப் பார்த்த பார்வையில் மெஷின் தானாகச் சூடானது. அஞ்சலை அக்கா கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க வூட்டு ஆளு போட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஏறுறாரு. அதுக்காக கடலு கோவிச்சுக்கிட்டு மீனு தராம இருக்கா?"

அளவு கொடுக்க வந்தவர்

பட்டியல் வந்த மூன்றாம் நாளிலிருந்து ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பட்டியலில் உள்ள அளவைச் சரிபார்த்துக் கொடுப்பார்கள். பழைய சட்டையையும் கொண்டுவருவது வழக்கம். செல்வம் அண்ணன் தன்னுடையதைத் துவைத்து மடித்து எடுத்து வந்திருந்தார். "இந்த வாட்டி எக்ஸெல் போடும்மா. ஐஸ் தூக்கித் தூக்கித் தோளு அகண்டு போச்சு" என்றார்.

செயலாளர் சொல்லவில்லை, கேப்டன் சொல்லவில்லை. பன்னிரண்டு பேர் கொண்ட டீமில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் சட்டைக்குச் சூடு வைக்கிறவள் சொல்ல வேண்டியிருந்தது. நான் பட்டியல் இருந்த திரையை அவர் பக்கம் திருப்பினேன். மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். பிறகு கீழிருந்து மேலே. பழைய சட்டையைத் திரும்ப மடித்தார். ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.

"அந்தத் தம்பிக்கு என்ன சைஸு? லார்ஜா? நாலுன்னு முதுகுல போடறப்ப கொஞ்சம் மேல ஏத்திப் போடு, கீழ இருந்தா பிடிச்சு இழுக்கறதுல கிழிஞ்சிரும்."

கடைக்குச் சம்பந்தமில்லாத வேலை

அவர் போனதும் உட்கார்ந்து எழுதினேன். பி.காமில் ஒப்பந்தச் சட்டம் ஒரு பாடம். அதில் படித்தது முதல்முறையாக ஒரு மனிதருக்கு உதவியது. ஒரே பக்கம், நாலு ஷரத்து, கீழே செயலாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு, செல்வம் கையெழுத்துக்கு ஒரு கோடு. அச்செடுத்து, பன்னிரண்டு சட்டையில் நாலாம் எண்ணை மட்டும் ஒட்டாமல் நிறுத்தி, அதன் மேல் அந்தக் காகிதத்தை வைத்தேன். காதர் பாய் எடுத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, கடைசி வரி வரை படித்தார்.

"பனியன்ல எழுதுற கடைம்மா இது, பத்திரம் எழுதுற கடை இல்ல. ரெண்டாவது ஷரத்துல 'வைத்தியம்'னு மட்டும் போட்டா பத்தாது, 'முழுசா'ன்னு சேத்துக்க."

நாற்பது பேர், ஒரே எண்

ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரரின் எண்ணைப் போட்டு டி-ஷர்ட் அடித்துக்கொள்வார்கள். இந்த வருஷம் அஞ்சலை அக்கா மார்க்கெட்டிலிருந்து ஒரு மொத்த ஆர்டர் கொண்டுவந்தார். நாற்பது சட்டை, எல்லாவற்றிலும் செல்வம், எல்லாவற்றிலும் நாலு. தினேஷ் பேரில் ஒன்றுகூட இல்லை. பாவம், அந்தப் பையன் யார் தட்டிலும் கை வைக்கவில்லை.

நாற்பதில் ஒன்று பாஸ்கர் அண்ணனுடையது. சட்டையை விரித்து முதுகில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தவரிடம், கிழவராகிவிட்டார் என்று சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். கேட்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

"நாங்க சொல்லுவோம்மா, பதினாறு வருஷமா கத்துன தொண்டை எங்களுது. கமிட்டி எப்படிச் சொல்லலாம்?"

தொங்கிய காகிதம்

முடிக்க வேண்டிய ஆர்டர்களை ஒரு பலகையில் குத்தி வைப்போம். எட்டாம் நாள், அதே போட்டியில் ஆடும் பக்கத்து ஊர் நெடுங்காடு டீமின் பட்டியல் வந்தது. பதினொரு பேர் எழுதியிருந்தது. நாலாம் எண்ணுக்கு நேரே பேர் இல்லை. "எக்ஸெல், ஆள் கோட்டுச்சேரி, பேர் அப்புறம்" என்று மட்டும் இருந்தது. காதர் பாய் அதைப் பலகையில் குத்தினார். வழக்கமாக மூலையில் குத்துவார், அன்றைக்கு நடுவில்.

சட்டை வாங்க வந்த குமரேசன் அதன் எதிரே நின்றார். கீழே அடுக்கியிருந்த நாற்பது சட்டைகளையும் பார்த்தார். ஒட்டாமல் கிடந்த நாலாம் எண் சட்டையையும் அதன் மேல் இருந்ததையும் பார்த்துக் கையை நீட்டினார். என் காகிதத்தைக் கொடுத்தேன். அங்கிருந்தே செல்வம் அண்ணனுக்குப் போன் போட்டார். கால்மணி நேரத்தில் அவர் ஐஸ் பிளான்டிலிருந்து வந்தார், பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது.

"கையெழுத்துப் போடுறேன். நெடுங்காட்டுக்குப் போகாத" என்றார் குமரேசன்.

"அவங்களுக்கு இன்னும் சரின்னு சொல்லலண்ணே." செல்வம் அண்ணன் நின்றபடியே படித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. படித்து முடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இதுல என் பேரு மட்டும் இருக்கு. அந்த தினேஷு தம்பிக்கும் முட்டி இருக்குல்ல? பன்னெண்டு பேருக்கும் எழுதுனா வர்றேன். எனக்கு மட்டும்னா வேணாம்."

வாதத்தில் நான் தோற்பது அபூர்வம். அன்றைக்கு என் கட்சிக்காரரிடமே தோற்றேன். உட்கார்ந்து, பேர் இருந்த இடங்களையெல்லாம் மாற்றினேன். காலியாக இருந்த பதினொன்றாம் எண் தினேஷுக்கு என்று பட்டியலிலும் திருத்தினேன். குமரேசன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார், ஒரு காலை மடக்காமல் நீட்டிக்கொண்டு. செல்வம் அண்ணனுக்கு முன்னால் அதே இடது கார்னரில் நின்றவர் அவர்தானாம். ஆட்டத்தில் முட்டி போய், வைத்தியம் பார்க்க ஆளில்லாமல் விலகினார் என்று காதர் பாய் என் காதில் சொன்னபோதுதான், அந்தக் கால் ஏன் மடங்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

ஆக, ஒப்பந்தச் சட்டத்தில் முதல் வகுப்பு வாங்கிய நான் எழுதிய முதல் ஒப்பந்தத்தைத் திருத்தியவர்கள் ஒரு பனியன் கடைக்காரரும் ஓர் ஐஸ் தூக்குகிறவரும்தான் என்றால், அதற்குக் கடைசித் திருத்தம் சொன்னவர் பேனாவை வாங்கிக்கொண்ட எதிர்க்கட்சிக்காரரே: "பன்னெண்டு பத்தாதும்மா, பழைய முட்டி ஒண்ணு இருக்கு, பதிமூணுன்னு அடி."