மேடையில் கட்டிய கம்பி

சட்டைப் பொத்தானை அவர் போடும் விதம்தான் முதலில் என் கண்ணில் பட்டது. முகவாயால் துணியை மார்போடு அழுத்திக்கொண்டு, வலது கையால் மட்டும் போடுவார். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. கும்மிடிப்பூண்டியில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் அவர் பவர் பிரஸ் ஆபரேட்டர். எல்லோருக்கும் பிரஸ் அண்ணன். அவர் அடித்துத் தள்ளும் தகடுகளை அளந்து பார்ப்பது என் வேலை.

வருஷாவருஷம் பாதுகாப்பு வாரத்தில் எங்களுக்குப் போட்டிகள் வைப்பார்கள். தனிநடிப்பில் முதல் இரண்டு முறையும் எனக்கு ஆறுதல் பரிசுதான், எவர்சில்வர் டப்பா. மூன்றாவது முறை விடக்கூடாது என்று வெறி பிடித்தது. விபத்தில் விரல் இழந்த தொழிலாளியாக நடிக்கப்போகிறேன் என்று அவரிடமே சொன்னேன். கூச்சத்தோடு சிரித்தார். கேன்டீனில் எதிரே உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் இரண்டு விரல்களை மடக்கி, பிளாஸ்திரி சுற்றிப் பழகினேன். கை வந்தது, ஆள் வரவில்லை. விரல் போன அன்றைக்கு என்னதான் நடந்தது என்று அவரைத் தோண்டித் தோண்டிக் கேட்டேன். ஒருநாள் சொல்லிவிட்டார். அந்த மெஷினில் இரண்டு பட்டன்கள். கை உள்ளே மாட்டிவிடக்கூடாது என்று, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். வேலை சுருக்காக ஓடட்டும் என்று, ஒரு பட்டனை அவரே கம்பியால் அழுத்திக் கட்டிவைத்திருந்தாராம்.

“யாராண்டயும் சொல்லிக்காதம்மா. மிஷின் கோளாறுன்னுதான் எம்பொண்ணு நெனச்சிக்கினு கீது.”

தலையாட்டினேன். வீட்டுக்குப் போகிற ரயிலிலேயே அதை வசனமாக எழுதிவிட்டேன். பேரைச் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் வேறு. பேர் எதற்கு? எங்கள் கம்பெனியில் இரண்டு விரல் இல்லாதவர் அவர் ஒருவர்தான்.

போட்டி நடக்கும் நிறைவு நாளுக்கு எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. மூன்றாவது வரிசையில் அவர், பக்கத்தில் காலேஜில் படிக்கும் மகள். மேடையில் நான் கம்பியைக் கட்டியபோது அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். வசனத்தை அங்கேயே மாற்றியிருக்கலாம். அடுத்தது கைதட்டல் வாங்கும் இடம் என்பதால் குரலை இன்னும் உயர்த்தினேன்.

முதல் பரிசு எனக்குத்தான். வாங்கிய கையோடு கீழே இறங்கி ஓடினேன். அவர் எதிரே போய் நின்றேன். மகள் அவருக்காகக் காத்திராமல் முன்னால் போய்விட்டிருந்தாள்.

“நல்லாத்தான் பண்ண. நான் அவ்ளோ கத்தலம்மா,” என்றார்.

அவள் பின்னாலேயே நடந்தார், இடது கையை பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு. அதுவரை அந்தக் கையை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடவில்லை. இப்போது நான் வேறு கம்பெனியில் இருக்கிறேன். இங்கேயும் தனிநடிப்புக்குக் கூப்பிடுகிறார்கள், மறுத்துவிடுகிறேன். குற்றவுணர்ச்சிதான், வேறென்ன. ஆனால் அதைவிட எனக்கு என்னைப் பார்த்தே பயம். அன்று அவர் கேட்டைத் தாண்டும்வரை அழுதுகொண்டேதான் பார்த்தேன். பைக்குள் கையை விட்டால் ஒரு பக்கத் தோள் எப்படி இறங்குகிறது என்பதையும் பார்த்துவைத்துக்கொண்டேன்.