சுவாமியறையில் ஐந்தாம் சில்லு

உரும்பிராயிலிருந்து புத்தூர்வரை ஒரு மாப்பிள்ளையை நான் தோளில் சுமந்து கொண்டுபோய் மணவறையில் இறக்கினேன். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அவனைச் சுமந்தது ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். நான் சுமந்தது அவனுடைய தலைப்பாகையை, அதுவும் மடியில். இந்தக் கேவலத்துக்குக் காரணம் எங்கள் அடுத்த வளவு இராசநாயகம். எழுதுமளவுக்கு அவரிடம் ஒன்றுமில்லை. என்றாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

அரசாங்கக் கந்தோரில் கோப்பெழுதும் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற கையோடு வெள்ளை நிறத்தில் யப்பான் கார் ஒன்றை வாங்கினார். அதன்பின் அதைக் கழுவுவதே உத்தியோகம். எங்கள் கிணறுகளின் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். காய்ந்தால் வெள்ளைப் பொட்டுப் பொட்டாக நிற்கும். ஆகையால் மனிதர் முதலில் கிணற்று நீரால் கழுவி, பிறகு கடையில் வாங்கிய வடிகட்டிய குடிதண்ணீரை மேலே ஊற்றுவார். அவருடைய மனைவி வசந்தினி குடிப்பது கிணற்றுத் தண்ணீர். கார் குடிப்பது போத்தல் தண்ணீர். வசந்தினியின் குசினிக் கூரை ஒழுகிக்கொண்டிருக்க, காருக்குப் புதுத் தகரத்தில் கொட்டகை எழும்பியது.

வேம்பின் கீழ் காரை விடமாட்டார், காகம் இருக்கும். தென்னையின் கீழ் விடமாட்டார், குரும்பை விழும். வெயிலிலும் விடமாட்டார், நிறம் வெளிறும். காகம் எச்சம் போட்டுவிட்டால் பழைய வேட்டித் துண்டோடு அவர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். கந்தோரில் இருந்த காலம் முழுவதும் அப்படி ஒரு கோப்புக்காக அவர் அசைந்ததாகக் கேள்வியில்லை.

கண்ணுக்குத் தெரிகிற பக்கம்தான் அவருக்குக் கார். முன்மூடியைத் திறந்து எண்ணெய் பார்த்ததில்லை. ரயருக்குக் காற்றுப் பார்த்ததில்லை. கறுப்பு மினுக்கு மட்டும் பூசுவார். ஒருநாள் வேலியோரம் நின்று கேட்டேன்.

“தம்பி, உந்த ரயர் பக்கவாட்டிலை வெடிச்சுக் கிடக்கே?”

“எங்கையக்கா? நல்லாத்தானே மினுங்குது.”

“மினுங்கிறதுக்குக் கீழை பாரும்.”

“இன்னொருக்கால் பூசினால் தெரியாது,” என்றார். பூசினார். உண்மையிலேயே தெரியவில்லை.

சென்ற ஆயுத பூசைக்கு அவர் செய்த காரியம் அதைவிட மேல். டிக்கிக்குள் கிடந்த ஸ்பெயார் சில்லு, காரைத் தூக்கும் ஜக், நட்டுக் கழற்றும் சாவி எல்லாவற்றையும் எடுத்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சூட்டி, சுவாமியறையில் அடுக்கினார். பூசை முடிந்தது. மற்றவர்கள் கத்தியையும் மண்வெட்டியையும் மறுநாளே வேலைக்கு எடுத்துவிட்டார்கள். இவருக்கு ஒரு சிக்கல். சந்தனத்தோடு வைத்தால் டிக்கியின் கம்பளம் கறைபடும். துடைத்துவிட்டு வைப்பதென்றால், சாமிக்கு வைத்த பொட்டைத் துடைப்பது பாவம். ஆகவே சில்லு பிள்ளையார் படத்தோடு சாய்ந்தபடி அங்கேயே இருந்தது. வசந்தினி தினமும் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினாள்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் தங்கை பத்மாவதி மாப்பிள்ளைக் கார் கேட்டாள். அவளுடைய மகன் மயூரதனுக்குச் செவ்வாய்க் குற்றம். பொருந்திய சாதகம் தேடி அவள் ஏறாத படியில்லை. கடைசியில் புத்தூர் அருளம்பலத்தின் மகள் கஜந்தினி பொருந்தினாள். பெடியனும் பெட்டையும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையிலேயே மிச்சப் பொருத்தமும் சரிவந்துவிட்டது. ஆனால் அருளம்பலம் நேரத்தில் கண்டிப்பான ஆள். “சுபநேரம் தப்பினால் அண்டைக்குத் தாலி இல்லை, பிறகு யோசிப்பம்,” என்று முதலே சொல்லிவிட்டார். செவ்வாய்க்காரனுக்குப் ‘பிறகு’ என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

புறப்படும்போதே தொடங்கினார் இராசநாயகம். பின்னால் மூன்று பேர் இருந்தால் கார் தாழ்ந்து வடிவு கெடுமாம். மாப்பிள்ளைத் தோழனாக வந்த கஜந்தினியின் தமையனைச் சொந்தக்காரர் ஏறிய வான் வண்டியில் ஏற்றிவிட்டார். பிறகு கண்ணாடிக்குள்ளால் மயூரதனைப் பார்த்தார்.

“தம்பி, தலைப்பாகையைக் கழட்டிப் பெரியம்மாவிட்டைக் குடும். அதிலை பதிச்ச கல்லு முட்டினால் காரின்ரை மேல்துணி கிழிஞ்சு போடும்.”

மாப்பிள்ளை வெறுந்தலையோடு இருந்தான். வானுக்குப் பின்னால் போனால் சல்லிக்கல் தெறிக்கும் என்று அதையும் முன்னால் போகவிட்டார். அது கண்ணுக்கு மறைந்ததும், பிரதான வீதியை விட்டுத் தோட்டவெளிக்குள் புதிதாகத் தார் போட்ட காப்பெற் வீதியில் திருப்பினார். இரண்டு பக்கமும் வெங்காயத் தறை. ஆள் நடமாட்டம் இல்லை. அங்கேதான் அந்த மினுங்கிய ரயர் வெடித்தது.

இறங்கி டிக்கியைத் திறந்தார். உள்ளே சவர்க்காரப் போத்தல், மெழுகுத் தகரம், இறகுத் தூரிகை, ஐந்தாறு துணிகள். சில்லு இருக்க வேண்டிய பள்ளத்தில் மடித்த வேட்டித் துண்டு.

“மாமா, ஸ்பெயார் எங்கை?” என்றான் மயூரதன்.

“சுவாமியறையிலை.”

“ஆரையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கோவன்.”

“வசந்தினியும் வானிலை போயிட்டா. வீட்டுத் திறப்பு என்ரை இடுப்பிலை.”

வானுக்குப் போன் எடுத்தோம். உள்ளே பாட்டுச் சத்தம் போலிருக்கிறது, ஒருவரும் தூக்கவில்லை. மயூரதன் வெறுங்காலோடு வீதியில் அங்குமிங்கும் நடந்தான். இராசநாயகம் வானத்தைப் பார்த்தார்.

“கடவுளே, என்ன வெயில். நிறம் போகப் போகுது.”

“பெடியன்ரை வாழ்க்கை போகப் போகுது, நீர் நிறத்தைக் கதையும்,” என்றேன்.

அப்போதுதான் ஜெயசுதனின் லாண்ட்மாஸ்டர் வந்தது. அச்சுவேலிச் சந்தைக்கு முட்டைக்கோவா ஏற்றிக்கொண்டு போன தோட்டக்காரன். ஒரு பார்வையிலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டான்.

“ஐயா, கயிறு கிடக்கு. கட்டி மெல்ல இழுக்கட்டோ?”

“ஐயோ வேண்டாம். பம்பர் உராஞ்சு போடும்.”

“அப்ப மாப்பிள்ளையை மட்டும் தாங்கோ. கோவாவோடை கோவாவாக் கொண்டுபோறன்.”

மயூரதன் பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக்கொண்டு பின்னால் பூட்டிய பெட்டியில் பாய்ந்து ஏறினான். என்னையும் ஒரு சாக்குபோல ஏற்றினார்கள். பின்னாலிருந்து இராசநாயகத்தின் குரல் வந்தது: “தம்பி, மெல்லமா எடும், மண் தெறிக்கும்!” நான் கடைசியாகப் பார்த்தபோது, வெடித்த ரயர் கார்மேல் அடித்த கறுப்புக் கோட்டைக் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதனைப் பற்றி அதற்குமேல் அறிய என்ன இருக்கிறது?

அந்த லாண்ட்மாஸ்டர் பறந்தது. வளைவுகளில் ஒற்றைச் சில்லில் போனது. கோவாக்கள் இரண்டு பக்கமும் பூமாரி பொழிந்தன. புத்தூர் மண்டப வாசலில் மேளகாரர் எங்களைக் கண்டு வாய் பிளந்து வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். நான் தலைப்பாகையை அவன் தலையில் வைத்தேன், சுபநேரம் முடிய இன்னும் இருந்தது, அருளம்பலம் கையைப் பிடித்து அழைத்துப் போனார், தாலி ஏறியது. இராசநாயகம் பிறகு வந்தாரா, சாப்பிட்டாரா என்று நான் பார்க்கவில்லை.

இவ்வளவையும் எழுதிப் பத்மாவதிக்கு வாசித்துக் காட்டினேன். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

“அக்கா, உது சரியில்லை. நீங்கள் வந்து இறங்கேக்கை நேரம் தப்பிப்போட்டுது. சம்பந்தி எழும்பி, சனத்தைச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்ல வெளிக்கிட்டவர். அதுக்குள்ளை ராசநாயகத்தார் எனக்குப் போன் எடுத்தவர். விடாமல் எடுத்து எடுத்துத்தான் கடைசியாக் கிடைச்சது. சம்பந்தியிட்டைக் குடுக்கச் சொன்னார். ‘பெடியனிலை ஒரு பிழையும் இல்லை, நான் சில்லு இல்லாமல் வெளிக்கிட்ட விசரன், ஏசிறதை எனக்கு ஏசுங்கோ’ எண்டு அழுதவர், பக்கத்திலை நிண்ட எனக்கே கேட்டது. சம்பந்தி நல்லா ஏசித்தான் போட்டார். ஏசி முடியக் கோபமும் முடிஞ்சுது. பிறகுதான் ஐயரைக் கூப்பிட்டு அடுத்த நல்ல நேரம் பாத்து, மத்தியானம் தாலி கட்டினது. நீங்கள் முன் வரிசையிலை இருந்து நித்திரை தூங்கினீங்கள்.”