யாரிடமும் கேட்காத அனுமதி

காமினி கல்யாணத்துக்கு முன்பு பாலர்பள்ளி ஆசிரியை. டத்தோ கிராமாட் வட்டாரத்தில் அவளிடம் எழுத்துக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் பலர். அதனால் தன் மகள் துர்ஷினியைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோது அவள் கொஞ்சமும் தயங்கவில்லை.

துர்ஷினிக்கு வலிப்பு உண்டு. முதலாம் ஆண்டில் ஒருநாள், பள்ளித் திடலில் காலைச் சபைக்கூடல் நடந்துகொண்டிருந்தபோது எல்லார் முன்னாலும் விழுந்துவிட்டாள். கண்விழித்தபோது பாவாடை நனைந்திருந்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று மகளைத் துண்டில் சுற்றித் தூக்கிவந்த காமினி மறுபடி அனுப்பவேயில்லை.

"கல்வி இலாகால ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே. சட்டம் இருக்கு, தெரியும்ல?" என்றான் கணவன் குணாளன்.

"எம்புள்ளைக்கு நான் பாடம் சொல்லித்தர யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும்? அவ விழுந்தப்ப இலாகாவா வந்து தூக்குச்சு?"

குணாளன் பாயான் லெப்பாஸ் ஃபெக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். வீட்டில் காமினி சொன்னதுதான் நடக்கும்.

சமையலறை மேசை வகுப்பறையானது. தமிழ், மலாய், கணக்கு, அறிவியல் எல்லாமே அங்கேதான். துர்ஷினி மளமளவென்று படித்தாள். வலிப்பும் குறைந்தது. "பார்த்தீங்களா?" என்று காமினி கணவனிடம் கேட்கும்போதெல்லாம் அவன் தலையை மட்டும் ஆட்டுவான்.

மூன்றாம் ஆண்டுப் பாடம் தொடங்கியிருந்த சமயம், ஒரு காலையில் வாசலில் கார் வந்து நின்றது. கல்வி இலாகா அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த மலாய்ப் பெண்மணி, தன் பெயர் நூர் ஃபாத்திஹா என்றாள். வயதில் காமினியைவிடச் சின்னவள். பள்ளிக்கு வராத ஒரு பிள்ளையைப் பற்றித் தகவல் வந்திருக்கிறது, பார்த்துப் பேசத்தான் வந்திருக்கிறேன் என்று மலாயில் பணிவாகச் சொன்னாள்.

காமினி மேசையில் இருந்த பயிற்சிகளையெல்லாம் எடுத்துக் காட்டினாள். துர்ஷினி மலாய்க் கதை ஒன்றைத் தடங்கலில்லாமல் வாசித்தாள். அதிகாரி மனதாரப் பாராட்டினாள். பிறகு, ஆரம்பப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாவிட்டால் பெற்றோர் மீது வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது என்றாள். உடல்நிலையைக் காட்டி விலக்குக் கேட்கவும் வழி உண்டு. ஆனால் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"பெற்ற எனக்கு இல்லாத உரிமையா உங்களுக்கு?" என்று காமினி குரலை உயர்த்தினாள்.

நூர் ஃபாத்திஹா, பிள்ளையுடன் கொஞ்சம் பேசலாமா என்று மட்டும் கேட்டாள். இருவரும் வெளியே வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் போய் உட்கார்ந்தார்கள். சன்னல் வழியே காமினி பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் உதடுகள் வேகமாக அசைந்தன. இவ்வளவு என்ன பேசுகிறாள்?

உள்ளே வந்த துர்ஷினி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ம்மா, எனக்கு ஸ்கூலுக்குப் போகணும்."

காமினிக்கு முதலில் அது விளங்கவேயில்லை. "என்ன சொன்ன?"

"ஸ்கூலுக்குப் போகணும்மா. இங்க யாருமே இல்ல."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க அழுவீங்க. அப்பாகிட்ட சொன்னேன்."

காமினி திரும்பினாள். இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த குணாளன் எழுந்துவந்து கதவோரம் நின்றிருந்தான்.

"நான்தான் இலாகாவுக்கு போன் பண்ணேன், காமினி. எத்தனை தடவ உன்கிட்ட பேச வந்தேன்! நீ கேக்கவே இல்லலா."

தகவல் கொடுத்தது யாரோ பொறாமைக்கார அண்டைவீட்டார் என்றுதான் அந்த நிமிடம்வரை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அதிகாரி விடைபெற்றுப் போனதுகூட அவளுக்குச் சரியாக நினைவில்லை.

வழக்கு எதுவும் வரவில்லை. டாக்டரின் கடிதத்தோடு விலக்குக் கேட்டால் வீட்டிலேயே தொடரலாம், முடிவு உங்களுடையது என்று நூர் ஃபாத்திஹா போனில் சொன்னாள். கேட்கலாம் என்றுதான் காமினியும் நினைத்தாள். ஆனால் மகள் அலமாரியைத் திறந்து, அளவு பத்தாமல் போன பழைய சீருடையை இழுத்து இழுத்துப் போட்டுப் பார்ப்பதைக் கண்டதும், அவளைப் புதுச் சீருடை வாங்க அழைத்துப்போனாள். இந்த முறை வேறு பள்ளி. வலிப்பு வந்தால் என்ன செய்யவேண்டுமென்று அங்குள்ள ஆசிரியைகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள்.

அடுத்த மாதமே அழைப்பு வந்தது. துர்ஷினி வகுப்பில் விழுந்துவிட்டாள். காமினி அலறியடித்துக்கொண்டு ஓடினாள். ஓய்வறையில் மகள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நனைந்த உடை மாற்றப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சிறுமி உட்கார்ந்து அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"வாடா, வீட்டுக்குப் போலாம்."

"இன்னிக்கு கலைப்பாடம் இருக்கும்மா. கொஞ்ச நேரம் படுத்துட்டு கிளாசுக்குப் போறேனே?"

காமினி வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்தாள். சாவியைத் திருகக் கை வரவில்லை. குணாளனுக்குப் போன் போட்டாள். அந்த அதிகாரி வந்துபோனதிலிருந்து சாப்பாடு, மருந்து தவிர அவனிடம் அவள் வேறு எதுவும் பேசியதில்லை.

"புள்ள நல்லாருக்கா. வரமாட்டேங்கிறா" என்றாள்.

"நீ?" என்று கேட்டான் அவன்.

"தெரியலங்க" என்று சொல்லிவிட்டு, போனை வைக்காமல் அழுதுகொண்டிருந்தாள்.