அம்மா பாடாத ஞாயிறுகள்

அம்மாவின் அடக்க ஆராதனையில் போதகர் நன்றாகத்தான் பேசினார். கணவருக்கேற்ற மனைவி, பிள்ளைகளைக் கர்த்தருக்குள் வளர்த்த தாய், ஒரு ஞாயிறும் ஆலயத்துக்கு வராமல் இருந்ததில்லை என்றார். அதுவரை சரி. அதற்கு மேல், "வாய் திறந்து ஒரு சத்தம் போடாத அமைதியான அம்மா" என்றார். சபையார் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் புதிதாக வந்தவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தொண்ணூறைத் தொட்டுப் போனவளின் இளமையை அறிந்தவர்கள் அங்கே யாரும் மிச்சமில்லை. என் அம்மா அந்தக் கோயிலிலேயே பெரிய சத்தக்காரியாக இருந்தவள். எழுந்து நின்று அதைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். பெட்டியை மூட ஆட்கள் காத்திருந்தார்கள். சும்மா இருந்துவிட்டேன்.

அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். இது ஐம்பதுகளில் நடந்தது.

அப்பாவுக்குப் போடி பஜாரில் ஏலக்காய்க் கடை. குரங்கணிக்கு மேலே சின்னதாக ஒரு ஏலத்தோட்டமும் குத்தகைக்கு எடுத்திருந்தார். காய் எடுக்கும் காலம் முழுக்க மலையிலேயே கிடப்பார். அந்தக் காலத்தில் கடைக்காரர்கள் யாரும் பெண்டாட்டியை மலையில் தங்க வைப்பதில்லை. மலைக்காய்ச்சலுக்கு அவ்வளவு பயம். ஆண்கள் மேலே மழையிலும், பெண்கள் கீழே வெயிலிலும், வருசத்தில் பாதி இப்படியே போகும். கல்யாணம் ஆன பெண்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தனியாக வருவதை யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த சமயம் அது. சுமை இறக்க வந்த தோட்டத்து ஆள் ஒருவர் வாசலில் நின்று, "அண்ணே படுத்த படுக்கையா இருக்காக. கஞ்சி வச்சுக் குடுக்கக்கூட ஆளில்ல" என்றார். அம்மா உடனே அரிசியும் சுக்கும் கருப்பட்டியும் மூட்டை கட்டினாள். மேலே பாட்டுப் புத்தகத்தையும் வைத்தாள்.

அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தார். "நீ போயி என்ன செய்யப் போற? பெறகு ரெண்டு பேரையுமில்ல தூக்கிட்டு வரணும்!" என்று கத்தினார்.

"அவுக தனியாக் கெடக்காக மதினி" என்றாள் அம்மா. என்னையும் தம்பியையும் அத்தையிடம் விட்டுவிட்டு அந்த ஆளோடு வெரசாகக் கிளம்பிவிட்டாள்.

அத்தை சொன்னது பலித்தது. அப்பா எழுந்து உட்கார்ந்தார், அம்மா படுத்தாள். பக்கத்து எஸ்டேட்டு கம்பவுண்டர் மலைக்காய்ச்சலுக்கான கொய்னாத் தூள் கொடுத்து, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். காய்ச்சல் இறங்கவில்லை. அப்பா பயந்துபோய், அளவை விட்டுவிட்டுக் கைப்பதமாக அள்ளிக் கரைத்துப் புகட்டியிருக்கிறார். மலையில் பலரும் அப்படிச் செய்வதுதான். கசப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு சீக்கிரம் குணமாகும் என்று ஒரு நம்பிக்கை. காதுக்குள் வண்டு குடைகிறது என்று அம்மா சொன்னாளாம். காய்ச்சல் இறங்குகிற அடையாளம் என்று நினைத்து அப்பா இன்னும் கொஞ்சம் கொடுத்தாராம். காய்ச்சல் இறங்கியது. வண்டுச் சத்தமும் நின்றது. அதற்குப் பிறகு அம்மாவுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

நாற்காலியில் கம்பு கட்டிக் குரங்கணி வரை தூக்கி வந்து, அங்கிருந்து லோடு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அம்மா என் கன்னத்தைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்தாள். அதன்பின் சாகும்வரை அவள் பார்த்ததெல்லாம் எங்கள் வாயைத்தான். எனக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளை பிறந்த பிறகும்கூட, அம்மா என்னைக் கண்ணுக்குக் கண் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாளா என்று ஏங்கியிருக்கிறேன்.

வீட்டுச் சோலி எதிலும் குறை வைக்கவில்லை. அப்பாவுக்குச் சுடுதண்ணீர், எனக்குத் தலை பின்னல், அத்தைக்கு வெற்றிலை எல்லாம் நேரத்துக்கு நடந்தன. கடைக்குப் பின்னால் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து காய்க்குக் காம்பு கிள்ளி, பெரிசு சிறிசு பிரிப்பார்கள். அம்மாவும் முறத்தோடு அவர்களுக்கு நடுவில் உட்காருவாள். ஊர்க்கதை பேசிச் சிரிப்பார்கள். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு தானும் சிரிப்பாள். என்ன கதை என்று ஒருத்தியும் திருப்பிச் சொன்னதில்லை. சொல்ல நினைத்தாலும் அதற்குள் அடுத்த கதை ஆரம்பமாகிவிடும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லப் பார்ப்பேன். பாதிக்கு மேல் எனக்கும் பொறுமை இருக்காது.

கோயிலில் மட்டும் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பாட்டு எண்ணைப் பலகையில் மாட்டியிருப்பார்கள், பார்த்துப் புத்தகத்தை விரித்துக்கொள்வாள். ஆர்மோனியக்காரரின் கை துருத்தியை அழுத்துவதைப் பார்த்து ஆரம்பித்துவிடுவாள். ராகமெல்லாம் காது போவதற்கு முன்பே மனப்பாடம். பெண்கள் பக்கத்திலிருந்து அவள் குரல் கணீரென்று எழும்பும். வாரம் முழுக்க வாயைப் பார்த்தே வாழ்ந்தவளுக்குத் தன் வாயைத் திறக்க அந்த ஒரு காலை நேரம்தான். கோயில் விட்டு வரும்போது முகமே வேறாக இருக்கும். அந்த முகத்துக்காகவே எனக்கு ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும்.

சில வருசம் கழித்து ஆர்மோனியத்துக்குப் புது வாத்தியார் வந்தார். பாட்டை இழுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. சபை வேகமாகப் பாடப் பழகியது. அம்மா மட்டும் பழைய வேகத்திலேயே பாடினாள். பாட்டு முடிந்து எல்லாரும் நிறுத்திய பிறகு கடைசி இரண்டு அடியை அவள் ஒருத்தி பாடிக்கொண்டிருப்பாள். ஆர்மோனியம் நின்றிருக்கும். எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பும். எனக்குக் காது சுடும். அவள் பதறாமல், கண் நிறைந்து, ஆமென் வரை பாடிவிட்டுத்தான் உட்காருவாள்.

அந்த வருசம் பிஷப் வருவதாக இருந்தது. கோயில் கமிட்டியார் ஒருவர் கடைக்கு வந்து, காய் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, தப்பா நெனைக்காதீக. பிஷப் அய்யா வர்றாக. பாட்டு நல்லபடியா அமையணும்ல. அண்ணிகிட்ட அன்னைக்கு ஒருநா மட்டும் சும்மா இருக்கச் சொல்லுங்க."

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த மனிதரை அன்றே நாலு வார்த்தை கேட்டு அனுப்பியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்கு ஆத்திரம். அந்தக் காது எப்படிப் போயிற்று என்று அப்பாவுக்குத் தெரியாதா? ஆனால் கோயில் அவருக்கும் வேண்டும், கடைத்தெருவில் பாதி அந்தச் சபைதான். தினமும் சாப்பிட்டுக் கை கழுவும்போது அம்மாவை ஒரு மாதிரி பார்ப்பார், சொல்லாமல் போய்விடுவார். அவர் சொல்லாமலேயே அந்த ஞாயிறு வந்துவிட வேண்டும் என்று நான் ஜெபம் செய்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சொல்லிவிட்டார். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றுதானே அவளிடம் பேச முடியும்? போய் நின்றார்.

"நாளைக்குப் பாட வேணாம்."

அம்மா அவர் வாயையே பார்த்தாள். "வெளங்கலைங்க. இன்னொருக்கச் சொல்லுங்க" என்றாள்.

அந்த வார்த்தையை அப்பா மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்குப் புரியும்படி மெதுவாக, ஒவ்வொரு எழுத்துக்கும் உதட்டை விரித்து விரித்துச் சொன்னார். "நாளைக்கு. கோயில்ல. நீ. பாட வேணாம்."

"சரிங்க" என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. கஞ்சியைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்து எங்களுக்குச் சோறு போட்டாள்.

பிஷப் வந்தார், பாட்டு எல்லாம் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிந்தது. அம்மா சரியான பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடி நின்றாள். ஒருநாள்தானே என்று நான் தேற்றிக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் அவள் பாடவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, அதற்கும் பாடவில்லை. வீட்டில் சாயங்கால ஜெபத்தில்கூட உதடு அசையவில்லை.

அப்பாவுக்குத்தான் முதலில் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை அடைத்திருந்தது, அம்மா முறத்தில் காயைப் பரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான். அப்பா வந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"பாடு" என்றார். "அன்னைக்கு ஒருநாளைக்குத்தான் வேணாம்னேன். இனிமே யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுறேன். பாடு."

அம்மா தலையசைத்து மறுத்தாள்.

"என்மேல கோவமா?"

"உங்கமேல எதுக்குங்க கோவம்?" என்றாள். கை காயைத் துழாவிக்கொண்டே இருந்தது. "நான் பாடுறது எனக்குக் கேக்காது. சனங்க மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிடுவேன். கடைசியில எல்லாரும் வாயை மூடிக்கிட்டு என்னையவே திரும்பிப் பாப்பாகல்ல? செவிட்டுப் பொம்பள நிதானமாப் பாடி முடிக்கட்டும்னு எனக்காகக் காத்திருக்காகன்னு நெனைச்சேங்க."

அவள் முறத்திலிருந்து ஒரு கை காயை அள்ளித் தன் முன்னால் போட்டுக்கொண்டு, அப்பாவும் காம்பு கிள்ளத் தொடங்கினார்.

அதற்கடுத்த ஞாயிறு நான் தற்செயலாக ஆண்கள் பக்கம் பார்த்தேன். அப்பா புத்தகத்தைக் கையில் பிடித்திருந்தார், வாய் மூடியிருந்தது. அவர் சாகும்வரை கோயிலில் பிறகு பாடவே இல்லை. நல்ல குரல் அவருக்கு. அவர் பாடுவதை நிறுத்தியது அம்மாவுக்குத் தெரியாது. புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்கி யார் வாயையும் பார்ப்பதை அவள் அந்தக் கோயிலில் அதற்கு முன்பே விட்டுவிட்டாள்.