பொட்டு வைக்காத ஈட்டிமுனை

நாப்பதாயிரம் வருஷம். இந்த நம்பர மனசுல வச்சுக்கங்க.

கல்லக்கா கல்லோட விளிம்ப முன்னங்கையில வச்சு மயிரச் சிரைச்சுப் பாத்தா. சிரைச்சுது. அடுத்த கல்ல எடுத்தா. அதுவும் சிரைச்சுது.

மியூசியத்தோட பின்னறைதான் அவ பட்டறை. ஆதி வேட்டைக்காரங்களோட கல் ஈட்டிமுனைய அச்சு அசலா செஞ்சு தர்றது வேலை. பிள்ளைங்க தொட்டுப் பாக்கிறது அவ செஞ்ச நகலத்தான். மான்கொம்பால தட்டுவா, கல்லத் திட்டுவா. "ஒழுங்கா உடை. எங்க வீட்டுக்காரர் மாதிரி மொரண்டு புடிக்காத." பழசாத் தெரிய டீத்தண்ணியில ஊறப் போடுவா. கடைசியா டிரில்லால அடியில பொட்டு மாதிரி ஒரு சின்ன ஓட்டை, நகல்னு அடையாளத்துக்கு. பொட்டில்லாத நகல் இருந்தா வேலை போச்சு. அதான் சட்டம்.

போன வாரம் செஞ்சது அம்புட்டு அழகு. ஓட்டை போட மனசு வரல. இன்னிக்குக் காலையில கண்ணாடிப் பெட்டிக்குப் போக வேண்டிய நாப்பதாயிரம் வருஷத்து அசலும் மேசைக்கு வந்துது. தூசி போக ரெண்டையும் ஒரே தட்டுல கழுவித் தொலைச்சா. இப்ப எது அசல், எது நகல்?

கொழுந்தன் அங்கயே காவல்காரன். "அண்ணி, ஏதோ ஒண்ணுக்குப் பொட்டு வைங்க. 'இது என் ஈட்டி இல்ல'ன்னு அந்த வேட்டைக்காரனா எந்திரிச்சு வரப்போறான்?"

"அசலு மேல ஓட்டை விழுந்தா நீ வந்து அடைப்பியா?"

"லேப்புக்கு அனுப்பினா தெரிஞ்சுருமே?"

"தெரியும். கோட்டை விட்டது யாருன்னும் சேத்துத் தெரியும்."

கல்லக்கா ஒண்ணும் அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு இல்ல. லீவுக்காக ஒரே பெரியப்பாவ மூணு தரம் சாகடிச்சவ.

வெளிய நாற்காலி இழுக்கிற சத்தம். திறப்பு விழாவுக்கு ஆள் சேந்துட்டாங்க. டிரில்ல எடுத்தா. இடது கைப்பக்கம் கிடந்த கல்ல அழுத்திப் பிடிச்சா. மோட்டார் உறுமுச்சு. ஊசிக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளி.

"பொட்டு வச்சாச்சா அக்கா? எல்லாரும் வந்தாச்சு." வாசல்ல மியூசியத்தோட பெரிய மேடம்.

உறுமல் நின்னுது. கல்லக்கா பிளக்கப் பிடுங்கினா. தட்ட மேடம் பக்கம் தள்ளினா.

"ஒண்ணு நான் செஞ்சது. பொட்டு வைக்கல. எதுன்னு எனக்கே தெரியல. லேப்புக்கு அனுப்புங்க."

கொழுந்தன் தலையில அடிச்சுக்கிட்டான். கல்லக்கா இடுப்புல இருந்து பின்னறைச் சாவிய உருவி, ரெண்டு கல்லுக்கும் நடுவுல வச்சா.

திறப்பு விழாவுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்த ஈட்டிமுனை: பூஜ்யம்.