கண்ணைத் திறக்காத பேரன்

பிறந்த குழந்தை உடனே கண்ணை அகலத் திறந்து தாத்தாவைத் தேடும் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

என் மகள் நித்யாவுக்கு மயஸ்தீனியா என்ற நோய். அவளுடைய எதிர்ப்புச் சக்தியே தசைகளைத் தளர்த்திவிடும். இமை சரியும், சோற்றை மெல்ல முடியாது. கர்ப்பத்திலும் டாக்டர் சொன்ன மாத்திரையை அவள் ஒருவேளைகூட விடவில்லை. பிறக்கும் குழந்தைக்கும் சில நாள் அந்தத் தளர்ச்சி வரலாம் என்றும், அழுகையையும் பால் குடிப்பதையும் கவனிக்க வேண்டும் என்றும் டாக்டர் எச்சரித்திருந்தார். என் மண்டையில் இமை மட்டும்தான் நின்றது.

பெங்களூரு ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்தான். குனிந்து குனிந்து பார்த்தேன், இமை அசையவே இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

"சிஸ்டர், பையன் இமையத் தூக்க மாட்டேங்குறான். அவங்கம்மா மாத்திரையில பாதி குடுங்க."

நர்ஸ் வந்து அவன் உள்ளங்காலை மெல்லச் சுண்டினார். வார்டே அதிர அழுதான்.

"தூங்குற புள்ளைக்கு மாத்திரையா சார்? ஸ்வல்ப, கொஞ்சம் சும்மா உக்காருங்க."

கட்டிலில் இருந்து நித்யா சிரித்தாள். "எனக்கும் அவனுக்கும் ஒண்ணுமில்லப்பா. டாக்டர் வந்தா உங்களுக்குத்தான் ஏதாவது எழுதித் தரச் சொல்லணும்."

இப்போதெல்லாம் டாக்டர் பேசும்போது கடைசி வார்த்தைவரை காது கொடுக்கிறேன், புரியாததை அங்கேயே கேட்டுவிடுகிறேன். பேரனைச் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவனுக்குத் தளர்ச்சி வரவே இல்லை.