கொல்லை மண்

எண்பதுகளில் திண்டிவனத்தில் குடியிருந்து, விழுப்புரம் ஆபீசுக்கு ரயிலில் போய்வந்த காலத்தில்தான் என் முதல் நாவலை எழுதினேன். அதில் வரும் விவசாயக் கிழவர் கடைசியில் சாக வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. மூன்று அத்தியாயமாக அவரைப் படுக்கையிலேயே போட்டு வைத்திருந்தேன். வைத்தியரை வரவழைத்தேன், பம்பாயிலிருந்து மகனை வரவழைத்தேன். உயிர் போகவில்லை. எனக்கோ சோறு இறங்கவில்லை. யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன்.

எழுத எழுதப் படித்துவிடும் என் மனைவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னாள்: "மண்ணாசைல இழுத்துக்கினு கெடக்குறாருங்க. அவரு மல்லாட்டைக் கொல்லை மண்ணக் கரைச்சி வாயில ஊத்தச் சொல்லுங்க, பாவம்."

உயிர் பிரியாமல் கிடப்பவர்களுக்கு எங்கள் பக்கம் செய்வதுதான். எனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று கோபமாக வந்தது. உடனே உட்கார்ந்து எழுதினேன். மகன் வேர்க்கடலை விளையும் அந்தக் கொல்லையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து கரைத்து ஊற்றினான். ஒரே மிடறு. அடுத்த வரியில் கிழவர் போய்விட்டார்.

பேனாவை மூடிவிட்டு, சாவு வீட்டுக்குப் போய்வந்தவன் போல நேராகத் தொட்டியடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். ஈரத்துண்டோடு வந்தவனுக்கு மனைவி சோறு போட்டாள். மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டேன்.